அம்மா நின்ற இடத்திலிருந்து

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அன்னைக்கு நன்றி சொல்வது இந்திய நகரங்களிலும் வழக்கமாகிவிட்டது. வாழ்த்து அட்டை, கேக், புடவைக்குத் தள்ளுபடி, கைப்பேசியில் பூங்கொத்துப் படம். இந்த நாளைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பெண்மணி ஆனா ஜார்விஸுக்கு இதில் எதுவும் பிடித்திருக்காது. 1905-ல் தாயை இழந்த அவர், 1908-ல் மேற்கு வர்ஜினியாவின் கிராஃப்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் தாயின் நினைவாக வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். 1914-ல் ஜனாதிபதி வுட்ரோ வில்சன் அதை நாடு முழுவதற்குமான தினமாக அறிவித்தார். பூக்கடைக்காரர்களும் அட்டை அச்சடிப்பவர்களும் அந்த நாளைக் கைப்பற்றிக்கொண்ட பிறகு, தான் தொடங்கியதை எதிர்த்தே ஜார்விஸ் பல ஆண்டுகள் போராடினார். யாரோ எழுதி அச்சடித்த வாசகத்தைக் காசு கொடுத்து வாங்கி அனுப்புவது நன்றி ஆகாது என்பது அவருடைய கட்சி. 1948-ல் அவர் இறந்தபோது அந்தக் கட்சி எப்போதோ தோற்றுப்போயிருந்தது.

தோற்றது அவர்தான். அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. அச்சடித்த வாசகம் போதாதென்றால், அம்மா செய்ததற்கு நன்றி சொல்வது எப்படி? அதுவும், கேட்டு மகிழ அவள் உயிரோடு இல்லாதபோது?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த பதில்களில் முக்கியமான ஒன்று, நாசிக் சிறையில் எழுதப்பட்டது. 1933 பிப்ரவரி. சட்டமறுப்பு இயக்கக் கைதியாக அங்கே இருந்த 33 வயது முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒருவர், பிப்ரவரி 9-ம் தேதி எழுத உட்கார்ந்தார். 13-ம் தேதி விடிகாலையில் எழுதி முடித்தபோது ஒரு புத்தகத்தின் பெரும்பகுதி தயாராகியிருந்தது. எஞ்சிய சில அத்தியாயங்களை விடுதலையான பிறகு எழுதிச் சேர்த்தார். ‘ஷ்யாம்ச்சி ஆயி’ என்று பெயர். மராத்தியில் ஆயி என்றால் அம்மா, ஷ்யாமின் அம்மா. எழுதியவர் பாண்டுரங்க சதாசிவ சானே. மகாராஷ்டிரம் அவரை சானே குருஜி என்று அழைக்கிறது. தலைமுறை தலைமுறையாக மராத்திக் குழந்தைகள் படித்து அழுத புத்தகம் அது.

தமிழர்களுக்கு சானே குருஜி முற்றிலும் அந்நியர் அல்லர். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த அம்மா.

கொங்கணக் கடற்கரையை ஒட்டிய ரத்னகிரி மாவட்டத்தில் பால்கட் என்ற கிராமம். சானேக்கள் அங்கே ஒரு காலத்தில் வரிவசூல் உரிமை பெற்ற ‘கோத்’ குடும்பத்தினர். பாண்டுரங்கர் பிறந்த 1899-ல் பெருமை மிச்சமிருந்தது, செல்வம் கரைந்துகொண்டிருந்தது. வழக்கு, பாகப்பிரிவினை, கடன் என்று குடும்பம் படிப்படியாக இறங்கியது. அந்த இறக்கத்தின் ஒவ்வொரு படியிலும் சமையலறையில் நின்றவர் அம்மா யசோதா. மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது 1917-ல் அவர் இறந்தார். மகனுக்கு அப்போது 18 வயதுகூட நிரம்பவில்லை. கடைசி நேரத்தில் அருகில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. நாசிக் சிறையில் பேனாவை எடுத்தபோது அந்தச் சாவுக்கு 15 வருடங்கள் ஆகியிருந்தன. சொல்லாமல் போன நன்றி 15 வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது. ஐந்து நாளில் அத்தனையும் கொட்டியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புத்தகத்தின் அமைப்பு எளிமையானது. ஓர் ஆசிரமத்தில் ஷ்யாம் என்ற இளைஞன் இரவுதோறும் நண்பர்களுக்குத் தன் அம்மாவைப் பற்றி ஒரு கதை சொல்கிறான். இப்படி 40-க்கும் மேற்பட்ட கதைகள். எதிலும் பெரிய சம்பவம் கிடையாது. குளித்துவிட்டு வரும் சின்னப் பையன், உள்ளங்காலில் மண் ஒட்டிவிடும் என்று தரையில் கால் வைக்க மறுக்கிறான். அம்மா தன் புடவையை விரித்து அதன் மேல் கால் வைக்கச் சொல்கிறாள். பாதம் அழுக்காகக் கூடாது என்று காட்டும் இந்த அக்கறையை மனது அழுக்காகாமலிருக்கவும் காட்டு என்று சொல்லி சாமி அறைக்கு அனுப்புகிறாள்.

இன்னொரு நாள், நீச்சல் கற்றுக்கொள்ளப் பயந்து ஒளிந்துகொள்கிறான். இதே அம்மா குச்சியை எடுத்து விளாசிக் கிணற்றுக்குத் துரத்துகிறாள். கற்றுக்கொண்டு திரும்பி வந்த மகனின் முதுகில் விழுந்த தழும்புகளைப் பார்த்து அவளே கலங்குகிறாள். தன் பிள்ளையைக் கோழை என்று ஊர் சொல்லக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான்.

மற்றொரு நாள் கறியில் உப்புப் போட மறந்துவிடுகிறாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரசித்துச் சாப்பிடுகிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. பாடுபட்டுச் சமைத்தவளின் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது அந்தக் கதை சொல்லும் பாடம்.

இந்தக் கதைகளில் அம்மா தெய்வமாக வருவதில்லை. கோபிக்கிறாள், அடிக்கிறாள், உப்புப் போட மறக்கிறாள், ரோஷப்படுகிறாள். பிறந்த வீட்டை அண்டி வாழ்வது கூசவே, என் வளையல்களை விற்றாவது சொந்தமாக ஒரு குடிசை போடுங்கள் என்று கணவரிடம் பிடிவாதம் பிடிக்கிறாள். சானே குருஜியின் நன்றிக்கு பலம் கொடுப்பது இந்தத் துல்லியம்தான். ‘அம்மா தியாகத்தின் திருவுருவம்’ என்று சொன்னால் அதில் எந்த அம்மாவும் இல்லை. எல்லோருடைய அம்மாவுக்கும் அது பொருந்தும், எனவே யாருக்கும் பொருந்தாது. என்ன செய்தாள், எந்த நாளில், எந்தப் பாத்திரத்தோடு, என்ன முகத்தோடு என்று ஞாபகம் வைத்திருப்பதில் நன்றி தொடங்குகிறது. தன் தாய் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எதை விரும்பினாள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அவள் நமக்கு என்ன சமைத்தாள் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் ஞாபகம் தொடக்கம் மட்டுமே. சானே குருஜியின் வாழ்க்கையில் அதற்கு அடுத்த கட்டம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தப் புத்தகத்தின் ஒரு கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெயிலில் விறகுக் கட்டோடு வந்த ஒரு மஹார் கிழவி. தலைச்சுமை கீழே விழுந்துவிட்டது. அதைத் தலைக்கு ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும். யாரும் அருகில் போகவில்லை. மஹார்கள் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டிருந்தவர்கள். அம்பேத்கர் பிறந்த சமூகம். பார்த்துக்கொண்டிருந்த ஷ்யாமின் அம்மா மகனைக் கூப்பிடுகிறாள். போய்த் தூக்கிவிடு என்கிறாள். ஒரு பிராமணப் பையன் மஹார் கிழவியைத் தொடுவதா என்று தெரு அதிர்ச்சி அடைகிறது. அம்மா அசைவதாக இல்லை. கடவுளுக்கு எல்லோரும் வேண்டியவர்களே என்பது அவளுடைய நியாயம்.

ஆனால் அவள் கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறாள். தூக்கிவிட்டு வந்து குளித்துவிடு.

புத்தகம் இதை மறைக்கவில்லை. அம்மாவை உயர்த்திக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். சானே குருஜி விடவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொங்கணக் கிராமத்தில், கடனில் மூழ்கிய ஒரு பிராமணக் குடும்பத்தின் மருமகள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் அவள் போனாள். தெருவின் சட்டத்தை மீறினாள். வீட்டின் சட்டத்தை மீற அவளால் முடியவில்லை. சுமையைத் தூக்கிவிடு என்பது வரை அவளுடைய மனம். குளித்துவிடு என்பது அவளுடைய காலம். இரண்டையும் மகன் சேர்த்தே பதிவு செய்கிறான்.

அந்தப் பையன் வளர்ந்து என்ன செய்தான் என்பதில்தான் நன்றியின் மறுபாதி இருக்கிறது.

1924-ல் சானே குருஜி கான்தேஷ் பகுதியின் அமள்னேர் ஊரில் பிரதாப் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மாணவர் விடுதியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. விடுதிக் காப்பாளர் என்றால் பிரம்பும் வருகைப் பதிவேடும் என்று நினைத்திருந்த பையன்களுக்கு அவர் புதிராக இருந்தார். அறையைப் பெருக்கி வைப்பார். சுருட்டாமல் போட்ட படுக்கையைச் சுருட்டி வைப்பார். அழுக்குத் துணியைத் துவைத்துப் போடுவார். காய்ச்சலில் படுத்த பையனின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். வெட்கப்பட்டுப் பையன்கள் தாங்களாகவே பெருக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அம்மா செய்ததை, ஊரான் பிள்ளைகளுக்கு அவர் செய்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மராத்தியர்கள் அவரைத் தாயுள்ளம் கொண்டவர் என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. அந்த விடுதியில் அவர் பார்த்த வேலைகள் எல்லாமே, நம் நாட்டில் தாய்மார்கள் மட்டும் பார்ப்பதாகக் கருதப்படும் வேலைகள்.

1930-ல் உப்பு சத்தியாகிரகத்துக்காக அந்த வேலையை விட்டார். அதன் பிறகு சிறை, விடுதலை, மறுபடியும் சிறை. தமிழர்களுக்கும் அவருக்குமான தொடர்பு இங்கே வருகிறது. அந்தச் சிறைவாசங்களில் ஒன்று திருச்சிராப்பள்ளியில். அங்கே அவர் தமிழ் கற்றார். கற்றதோடு நிற்காமல் திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்தார். இந்திய மொழிகள் ஒன்றை ஒன்று அறிந்தால்தான் இந்த நாடு ஒன்றாகும் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டதும் இந்த அனுபவத்தில்தான். பிற்காலத்தில் ‘ஆந்தர் பாரதி’ என்ற பெயரில் அவர் கண்ட கனவு அது. மக்கட்பேறும் செய்ந்நன்றி அறிதலும் குறளில் தனித்தனி அதிகாரங்கள். மகனைப் பிறர் மதிக்கக் கேட்டு மகிழும் தாயும், செய்த உதவியை அளந்து பார்க்கும் மனதும் அவற்றில் வருகின்றன. தாயை இழந்த ஒரு கைதி, காவிரிக் கரைச் சிறையில் இந்த அதிகாரங்களின் சொற்களை ஒவ்வொன்றாகத் தன் தாய்மொழிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு ‘ஷ்யாம்ச்சி ஆயி’ எழுதப்பட்டது.

இனி பண்டரிபுரம். சோலாப்பூர் மாவட்டத்தில் பீமா நதிக்கரையில் இருக்கும் விட்டலன் கோயில் மகாராஷ்டிரத்தின் இதயம் போன்றது. ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கான வார்கரிகள் கால்நடையாக அங்கே போகிறார்கள். அவர்கள் விட்டலனை ஆண் தெய்வமாக மட்டும் பார்ப்பதில்லை. ‘மாவுலி’ என்பார்கள், தாய். வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத பக்தரையும் மாவுலி என்றே அழைப்பார்கள். அவ்வளவு கனிந்த பக்தி மரபு. ஆனால் அந்தத் தாய் வீட்டின் கதவு சில பிள்ளைகளுக்குப் பல நூற்றாண்டுகளாகச் சாத்தியே இருந்தது. 14-ம் நூற்றாண்டின் சொக்காமேளா மஹார் குலத்தில் பிறந்த பெரும் பக்திக் கவி. அவருடைய சமாதி கோயில் வாசலுக்கு வெளியே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது உள்ளே போக முடியாதவர், இறந்த பிறகும் வாசலில்தான். அவருக்குப் பின் வந்த தலித் பக்தர்களும் அந்தச் சமாதியோடு நிற்க வேண்டியிருந்தது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத அய்யர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துச் சென்றதைத் தமிழர்கள் அறிவார்கள். பண்டரிபுரம் அதன் பிறகும் எட்டு வருடம் திறக்கவில்லை. சானே குருஜி பல மாதங்கள் மகாராஷ்டிரம் முழுவதும் சுற்றி ஆதரவு திரட்டினார். வழியில் பல ஊர்களில் கிணறுகளும் சிறு கோயில்களும் திறந்தன. பண்டரிபுரத்தின் பூசாரிகள் மட்டும் இறங்கி வரவில்லை. 1947 மே 1-ம் தேதி அவர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். சுதந்திரம் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் இது தேவையா என்று சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு இருந்தது. உண்ணாவிரதத்தைக் கைவிடும்படி காந்தியிடமிருந்தே தகவல் வந்தது. அவர் கைவிடவில்லை. ஏறக்குறைய பத்து நாளுக்குப் பிறகு கோயில் தரப்பு இணங்கியது. கதவு திறந்தது.

இந்தப் போராட்டத்தையும் அந்த விறகுக் கட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தெருவரை அனுப்பினாள். மகன் கருவறைவரை போனார். போய்த் தூக்கிவிடு என்ற அவளுடைய சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். வந்து குளித்துவிடு என்ற சொல்லை அவளுடைய காலத்தோடு விட்டுவிட்டார்.

தாய்க்குச் செய்யும் மரியாதை, அவள் சொன்னதை எல்லாம் அப்படியே காப்பாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். சாதிக்கு வெளியே மகன் மணந்துகொண்டால் ‘என் தாயின் மனதை நோகடித்துவிட்டான்’ என்று சொல்லும் குடும்பங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. தாயின் கண்ணீரைக் காட்டி மகளின் படிப்பை நிறுத்துபவர்களும் உண்டு. அவர்கள் நன்றி என்று சொல்வது அம்மா நின்ற இடத்தில் தாங்களும் நின்றுகொண்டிருப்பதை. சானே குருஜி வேறு வழியைக் காட்டினார். அம்மாவிடம் இருந்த நல்லதில் எது பெரியதோ அதைப் பிடித்துக்கொண்டு, அவளால் போக முடியாமல் போன தூரத்தையும் அவளுக்காக நடந்துவிடுவது. இதில் அவமதிப்பு ஏதுமில்லை. அவளுக்கும் அந்தச் சுதந்திரம் இருந்திருந்தால் அவளும் நடந்திருப்பாள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

‘ஷ்யாம்ச்சி ஆயி’யை எல்லோரும் கொண்டாடுவதில்லை. கண்ணீர் அதிகம் என்ற விமர்சனம் பழையது. அதைவிடக் கனமான விமர்சனம், பெண்களின் பக்கத்திலிருந்து வருவது. கடன் வாங்கியவர்கள் ஆண்கள், வழக்காடியவர்கள் ஆண்கள், வளையலைக் கழற்றியவள் அவள். நோயிலும் வேலை செய்து தேய்ந்து சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவள் அவள். அப்படித் தேய்ந்ததைப் புகழ்ந்து புகழ்ந்து, எல்லா அம்மாக்களும் இப்படித்தான் தேய வேண்டும் என்று ஒரு தலைமுறையையே நம்பவைக்கவில்லையா? உப்பில்லாக் கறிக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். கணவரின் பெருந்தன்மையை அது மெச்சுகிறது. ஆனால் சமைத்தவளுக்கு உப்பில்லாதது ஏன் அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்த பிறகு தெரிகிறது? அவள் கடைசியில் சாப்பிடுபவள் என்பதால். அந்த வரிசையை யாரும் மாற்றவில்லை.

நியாயமான கேள்வி. இதற்கான விடையின் ஒரு நுனியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ‘அர்த்தநாரி நடேஸ்வர்’ என்று ஓர் அத்தியாயம். காய்ச்சலில் தளர்ந்த அம்மாவுக்கு, விடுமுறையில் வந்த ஷ்யாம் வீட்டு வேலையில் கை கொடுக்கிறான். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா என்ற கூச்சம் அங்கே உடைகிறது. ஆணின் வேலை பெண்ணுக்கும் பெண்ணின் வேலை ஆணுக்கும் தெரிந்திருந்தால்தான் மனிதர் முழுமை அடைகிறார். சிவனின் அந்தப் பாதி உருவத்துக்குப் பொருளும் அதுவே என்பது அந்த அத்தியாயத்தின் கருத்து. எழுதப்பட்டது 1930-களில். புத்தகத்தைப் படித்து அழுதவர்கள் இந்த அத்தியாயத்தையும் படித்துத்தான் இருப்பார்கள். கண்ணீர் மட்டும் நினைவில் நின்றது.

அது எவ்வளவு மறந்துபோனது என்பதற்கு அரசாங்கத்திடமே கணக்கு இருக்கிறது. 2019-ல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் வீட்டுக்குள் சம்பளமில்லாத வேலை செய்வதாகத் தெரிந்தது. ஆண்களில் 26.1 சதவீதம். 2024-ல் மீண்டும் அதே ஆய்வு நடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, இந்த 88 நிமிடம் வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி. துடைப்பத்தைத் தொடாத ஆண்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனிக் கணக்கு. அதிலும் பெண்ணுக்கு 137 நிமிடம், ஆணுக்கு 75.

இந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் வந்தது. பெரும்பாலும் அவள் இறந்த பிறகு. 1989 மார்ச் 3-ம் தேதி ஜாம்ஷெட்பூரில் நிறுவனர் தின விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் சம்பளம் வாங்காத இல்லத்தரசிகளும் இருந்தார்கள். அவர்களுக்கான இழப்பீட்டை எதை வைத்துக் கணக்கிடுவது? 2001-ல் உச்ச நீதிமன்றம், அவர்கள் வீட்டுக்குச் செய்த பணியின் மதிப்பைக் குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. 2010-ல் இன்னொரு விபத்து வழக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் உற்பத்தியில் ஈடுபடாதவர்களாகச் சேர்த்திருப்பதை நீதிபதி ஏ.கே. கங்குலி கண்டித்தார். இப்படி, சாலையில் லாரி மோதிய பிறகுதான் அம்மாவின் வேலைக்குத் தொகை போடப்படுகிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி முன்னே போனது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் வாங்கிய சொத்தில், ஊரிலிருந்து குடும்பத்தைக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது. அவர் வீட்டைத் தாங்கியதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அந்தப் பெண் உயிரோடு இருந்து வழக்காடிப் பெற்ற உரிமை அது.

யசோதா சானேக்கு எந்தக் கணக்கெடுப்பும் எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு மகன் எழுதிய புத்தகம். அதை 1953-ல் ஆச்சார்ய அத்ரே திரைப்படமாக எடுத்தார். அடுத்த ஆண்டு தேசிய திரைப்பட விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதைப் பார்க்க சானே குருஜி இல்லை. காந்தி கொலையுண்டதும் 21 நாள் உண்ணாவிரதம் இருந்த அவர், நாடு போன போக்கில் மனம் உடைந்து, 1950 ஜூன் 11-ம் தேதி தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். 50 வயது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எடுத்துக்கொள்ளும் மனதை அம்மா கொடுத்தாள். அந்த மனதின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போனதும் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதிதான். அவர் 1948 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘சாதனா’ வாரஇதழ் அவருக்குப் பின்னும் தொடர்ந்து வெளிவந்தது.

அம்மா உயிரோடு இருப்பவர்களுக்கு ஷ்யாமுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. புத்தகம் எழுத வேண்டியதில்லை, உண்ணாவிரதம் இருக்க வேண்டியதில்லை. அவள் சாப்பிடும் வரிசையை மாற்றலாம். 289 நிமிடத்தில் பாதியை இந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளலாம். அவள் பெயரில் ஒரு பத்திரம் எழுதலாம். அவள் எதற்காகப் பயந்து நின்றாளோ அந்த இடத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கலாம்.

விறகுக் கட்டைச் சுமந்து நடக்க ஒருவர் போதும். கீழே கிடப்பதைத் தலைக்கு ஏற்றத்தான் இன்னொரு ஆள் வேண்டும். தெருவில் நின்ற முகம் தெரியாத கிழவிக்கு அந்த இன்னொரு ஆளாக இருக்கும்படி ஓர் அம்மா தன் மகனை அனுப்பினாள். வீட்டுக்குள் அவளுடைய சுமைக்கு அந்த ஆள் யார் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்காததை அவளுடைய பெருமையாக இத்தனை காலம் எழுதியாகிவிட்டது. அவள் கேட்பதற்கு முன்பே போய்ப் பக்கத்தில் நிற்பதுதான் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் வேலை.